தறி நிற்கும் நேரத்துக் கச்சேரி

கர்நாடக இசையில் ஊரின் பெயரே பெரும்பாலும் கலைஞரின் பெயராகிவிடும். அரியக்குடி, செம்மங்குடி, முசிறி, செம்பை என்று சொன்னால் போதும், ஆள் தெரிந்துவிடும். அந்த வரிசையில் பல்லடமும் உண்டு என்று சொன்னால் இன்று பலர் வியப்பார்கள். பல்லடம் சஞ்சீவ ராவ் 1882இல் பிறந்து 1962 வரை வாழ்ந்த புல்லாங்குழல் வித்வான். குழலைத் தனிக்கச்சேரிக்கு உரிய வாத்தியமாக நிலைநிறுத்திய கும்பகோணம் சரப சாஸ்திரியிடம் பயின்றவர். குரு 1904இல் இளம் வயதிலேயே மறைந்துவிட, அந்த வாசிப்பு மரபைப் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்தவர். 1943இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. இன்று பல்லடம் என்றதும் நினைவுக்கு வருவது கறிக்கோழியும் விசைத்தறியும்தான். குழல் நினைவுக்கு வருவதில்லை.

இதே மண்ணின் இன்னொரு பெயர் கோயம்புத்தூர் தாயி. 1872இல் பிறந்து 1917இல் மறைந்த இவர், கிராமபோன் தட்டுகள் இந்தியாவுக்கு வந்த புதிதில் நூற்றுக்கணக்கான பாடல்களைப் பதிவு செய்தவர். அவர் குரலில் மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், அவருடைய இசைத்தட்டு ஒன்றை அடிப்படையாக வைத்து ‘ராகமாலிகா’ என்ற பியானோ உருப்படியை எழுதினார். கோவைக்காரப் பெண்ணின் குரல் பாரிஸ் வரை போயிருக்கிறது. ஆனால் தாயியும் சரி, சஞ்சீவ ராவும் சரி, இசைக்காக ஊரைவிட்டுப் போனவர்கள். கற்பதற்குக் கும்பகோணம், பாடுவதற்குச் சென்னை. கொங்குநாடு கலைஞர்களைப் பெற்றுத் தந்தது. அவர்களைத் தன் ஊரில் உட்கார வைத்துக் கேட்கும் மேடையைத்தான் உருவாக்கிக்கொள்ளவில்லை.

பல்லடம் வட்டத்தில், நொய்யல் கரையில், பெரிய குளத்தை ஒட்டி இருக்கிறது சாமளாபுரம். பேரூராட்சி. சோமனூர், கருமத்தம்பட்டி, மங்கலம், பல்லடம் என்று நாற்புறமும் தறி ஊர்கள். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஓடும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளின் நடுப்பகுதி என்று இதைச் சொல்லலாம். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வரும். கூலிக்கு நெய்து துணியாகத் திருப்பிக் கொடுப்பார்கள். பல வீடுகளில் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமே தறிக்கூடம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு செவ்விசைக் கச்சேரியை நேரில் கேட்டு மகிழ்வது சாத்தியமா, சாத்தியமென்றால் எப்படி என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்தக் கேள்வியை எழுப்பும்போதெல்லாம் ஒரு பதில் முன்னால் வந்து நிற்கிறது: “கிராமத்து ஜனங்களுக்கு அதெல்லாம் புரியாது.” இந்தப் பதில் வரலாற்றுக்கு முரணானது என்றே நினைக்கிறேன்.

கச்சேரி நடத்தும் சபா என்ற அமைப்புக்கு வயது அதிகமில்லை. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அது வேரூன்றியது. மியூசிக் அகாடமி 1928இல் உருவானது. அதற்கு முன்னும் அதற்குப் பின் வெகுகாலமும் தமிழகத்தில் ராகத்தை மிக அதிகமானோர் கேட்ட இடம் கோயில் வீதி. நாகசுரம் திறந்தவெளிக்காகவே பிறந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, வீதியில் சுவாமி நிற்கும் இடங்களில் ஆலாபனை, நள்ளிரவு தாண்டிப் பல்லவி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று இடத்துக்கும் நேரத்துக்கும் இசை வகுக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டவர்கள் சீட்டு வாங்கியவர்கள் இல்லை. திண்ணையில் சாய்ந்திருந்தவரும் வண்டியை அவிழ்த்துவிட்டு நின்றவரும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவாமிக்குப் பின்னால் நடந்தவரும் கேட்டார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியை மணிக்கணக்காக நின்றுகொண்டே கேட்ட கூட்டத்தில் ராக லட்சணம் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தக் கூட்டம் கலையாமல் நின்றது என்பதே ராஜரத்தினத்தின் வரலாற்றில் நாம் மறுபடி மறுபடி கேட்கும் செய்தி. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவண்ணத்தில் அவர் நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்துக்கு மாறியது மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் வசதியாயிற்று. ஆனால் அந்தக் காற்றை அவருக்குள் வளர்த்தது வீதிதான்.

கோயில் வீதிக்கு அடுத்து, ராகம் ஊருக்குள் வந்த இரண்டாவது வழி நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்கள் ஊர் ஊராகப் போனபோது அவற்றோடு ராகங்களும் போயின. ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருப்பவனுக்கும் சாகித்தியம் ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்க வேண்டும். அதற்காகவே உயர்ந்த சுருதியில், தெளிந்த உச்சரிப்பில் பாடினார்கள். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அந்தப் பள்ளியின் மாணவி, எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவர் மேடையில் நடத்திய பாட்டுப் போட்டிகள் கேட்போருக்கு ராகப் பாடமாகவே இருந்தன. காவிரிக்கரைக் கொடுமுடிக்கும் நொய்யல் கரைக்கும் அதிக தூரமில்லை. பின்னர் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ‘சிவகவி’ (1943) உருவானபோது பாபநாசம் சிவனின் உருப்படிகளைத் தியாகராஜ பாகவதர் பாடினார். டூரிங் டாக்கீஸ் வழியாக அவை களத்துமேடு வரைக்கும் போய்ச் சேர்ந்தன. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டைத் திருவிழா மைக் செட்டில் கேட்காத தமிழ் ஊர் இருக்காது. அந்தப் பாட்டைக் கேட்டவர் அத்தனை பேரும் ஆபேரியைக் கேட்டவர்கள். பெயர் தெரியாவிட்டாலும் ராகம் உள்ளே இறங்கியிருக்கிறது.

கொங்குக்கே உரிய இன்னொரு பயிற்சி, இரவு முழுக்கக் கேட்கும் பயிற்சி. அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுபவர்கள் பல இரவுகள் தொடர்ந்து பாடுவார்கள். 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் அக்கதையை ஒலிப்பதிவு செய்து உலகறியச் செய்தார். அத்தனை நேரம் உட்கார்ந்து, கதையையும் பாட்டையும் பின்தொடரும் பொறுமை இந்த ஊர்களில் இருந்தது. அவிநாசியிலும் திருமுருகன்பூண்டியிலும் ஓதுவார் பாடும் தேவாரப் பண், பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது பாடும் திருப்புகழின் சந்தம், காவடிச் சிந்து என எல்லாமே செவிக்குப் பயிற்சிதான். திருப்புகழின் தாளக்கட்டைச் சிறுவயதில் கைதட்டிப் பாடியவருக்கு ஒரு கண்டசாபுவோ சங்கீர்ணமோ அந்நியமாக இருக்க வழியில்லை.

ஆகவே கிராமத்துக்குச் செவி உண்டு. கச்சேரிதான் கிராமத்தின் வழக்கங்களிலிருந்து விலகிப் போனது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்துப் பரவலாக்கிய கச்சேரி முறை அழகானது. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், ஒரு பிரதான ராகம், தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம், துக்கடா என்று மூன்று மணி நேரத்தில் பலதரப்பட்ட சுவைகளைத் தருவது. ஆனால் அது அலுவலகம் முடிந்து மாலை ஆறு மணிக்கு வந்து ஒன்பது மணிக்குப் பஸ் பிடிக்கும் நகரத்து ரசிகரின் நாளுக்குப் பொருந்திய முறை. அதோடு சேர்ந்து வந்தவை: அசையாமல் உட்காருவது, நடுவில் எழக்கூடாது என்பது, குழந்தை அழுதால் திரும்பி முறைப்பது. இவை சபாவின் ஒழுங்குகள். இசையின் இலக்கணத்தில் இவை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நகரத்து அரங்கில் கான்டீன் பக்கம் எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தவில் தனி தொடங்கினால் ஊர்த் திருவிழாவில் கூட்டம் முன்னால் நெருங்கி வரும். இந்த இரண்டில் யார் நல்ல ரசிகர் என்று கேட்டால் நான் ஊர்ப்பக்கம்தான் நிற்பேன்.

கிராமத்திலேயே நிலைத்து நின்ற ஒரு கச்சேரி மரபைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொங்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோட்டாயிக்குப் பக்கத்தில் செம்பை கிராமம். செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) புகழின் உச்சியில் இருந்தபோதும் ஊரைத் துறக்கவில்லை. தன் ஊர்ப் பார்த்தசாரதி கோயிலில் ஏகாதசியை ஒட்டி 1924 முதல் ஆண்டுதோறும் இசைவிழா நடத்தினார். அவருக்குப் பின் குடும்பத்தார் அதைத் தொடர்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் அவ்விழாவில் பாடுவதைப் பெரிய வித்வான்கள் கடமையாகக் கருதுகிறார்கள். அவருடைய சீடர் கே. ஜே. யேசுதாஸ் அங்கே வந்து பாடுவதை வழக்கமாக வைத்திருந்தவர். வயலுக்கு நடுவே ஒரு கோயில், ஒரு பந்தல், நல்ல சாப்பாடு, நாள் முழுக்கப் பாட்டு. பிறந்த ஊருக்குக் கலைஞர் தரும் கடனாக அந்த விழா தொடங்கியது. நூறாண்டுக்குப் பிறகு அந்த ஊரின் பெயரே விழாவின் பெயராக நிற்கிறது. கர்நாடகத்தில், ஹாசன் மாவட்டத்துக் காவிரிக்கரையில் உள்ள ருத்ரபட்டணத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இசைக் கலைஞர்கள் நிறைந்த சிற்றூர் அது. அவ்வூரைச் சேர்ந்த பாடகர் ஆர். கே. பத்மநாபா அங்கே ஆண்டுதோறும் இசைவிழா நடத்தி, தம்புரா வடிவில் ஒரு கோயிலையும் எழுப்பியிருக்கிறார். இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வெளியூரிலிருந்து யாரோ வந்து ‘கிராமத்துக்கு இசையைக் கொண்டு சேர்க்கும்’ முயற்சிகளாக அவை தொடங்கவில்லை. ஊரைச் சேர்ந்த கலைஞர் தன் ஊருக்குத் திரும்பி வந்ததில் தொடங்கின.

பல்லடத்துக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. சஞ்சீவ ராவ் பெயரில், அவர் பிறந்த வட்டத்தில், ஆண்டுக்கு ஒரு நாள் குழலிசை விழா நடத்த வேண்டும் என்று ஒரு ரசிகனாக ஆசைப்படுகிறேன். இந்த ஆசைக்கு முன்னால் நிற்கும் உண்மையான தடைகளைத்தான் இனிப் பார்க்க வேண்டும். முதல் தடை இரைச்சல்.

நாடா போட்டு ஓடும் சாதாத் தறிகள் வரிசையாக நிற்கும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடியும். பழகியவர்கள் உதட்டசைவையும் கைச்சாடையையும் பார்த்தே பேசிக்கொள்வார்கள். இந்தியத் தொழிற்சாலை விதிகளின்படி 90 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைதான் ஒருவர் வேலை செய்யலாம். 95 டெசிபல் என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். தறிப்பட்டறை ஷிப்ட் பொதுவாக 12 மணி நேரம். வீட்டோடு ஒட்டிய சிறு கூடங்களை இந்த விதி எட்டிப் பார்ப்பதேயில்லை.

இப்படி ஆண்டுக்கணக்கில் இரைச்சலில் நிற்கும் காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதலில் பழுதாவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அதிலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளம் ஆழமாக விழும். இதற்கும் கச்சேரி கேட்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாடகரின் குரலில் சுரங்களின் அடிப்படை அதிர்வுகள் நூறு சொச்சத்திலிருந்து ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள்தான் பெரும்பாலும் இருக்கின்றன. ஆகவே ராகத்தின் போக்கு, கமகத்தின் வளைவு, மேலே ஏறிக் கீழே இறங்கும் பாதை எல்லாம் தறி ஓட்டுபவருக்கு நன்றாகவே கேட்கும். மங்கிப்போவது வேறு. ச, ஷ, த போன்ற மெய்களின் கூர்மை மேல் அதிர்வுகளில் இருக்கிறது. சொல்லின் விளிம்புகள் மழுங்கி, சாகித்தியம் புரிபடாமல் போகிறது. தம்புராவின் ஜீவாவில் எழும் நுண்ணிய நாதம், மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் மெல்லிய சொற்கள், வயலின் வில்லின் மினுமினுப்பு ஆகியவையும் போகும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி மங்காமல் நிற்கும்.

இங்கே நாம் வழக்கமாகச் செய்யும் பரிகாரம் நிலைமையை மோசமாக்குகிறது. கேட்கவில்லையா, சத்தத்தைக் கூட்டு என்கிறோம். மேடைக்கு இருபுறமும் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, முன்வரிசைக்காரர் நெஞ்சு அதிரும் அளவுக்கு வைக்கிறோம். பழுதுபட்ட காதுக்குச் சத்தம் கூடினால் தெளிவு கூடுவதில்லை. கூடிய சத்தத்தில் வலியும் இரைச்சலும்தான் முன்னுக்கு வரும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று மேடையிலேயே முழு ஒலியையும் கொட்டுவதைவிட, கூட்டத்துக்குள் பத்தடி இருபதடி இடைவெளியில் சிறிய பெட்டிகளைத் தாழ்ந்த ஒலியில் வைப்பது நல்லது. அதைவிட நல்லது, கூட்டத்தைச் சிறிதாக்கி மேடைக்கு அருகே உட்கார வைப்பது. நூறு பேர் கருங்கல் மண்டபத்தில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கியே தேவையில்லை. கல் ஒலியைத் திருப்பித் தரும். நம் கோயில் மண்டபங்களில் ஓதுவார் பாடும்போது இதை அனுபவித்திருக்கிறோம்.

தறி ஓட்டுபவரின் காதைப் பற்றி இன்னொரு உண்மை, கச்சேரி நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியது. இரைச்சலில் ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வெளியே வந்தவுடன் செவிப்புலன் தற்காலிகமாக மந்தமாக இருக்கும். காதுக்குள் இரையும். அது தெளியப் பல மணி நேரம் ஆகும்; சிலருக்கு ஓர் இரவு முழுவதும் வேண்டும். வேலை முடிந்ததும் வந்து கேட்கட்டும் என்று நகரத்துக் கணக்கில் மாலை ஆறு மணிக்குக் கச்சேரி வைத்தால், காது மிகவும் களைத்திருக்கும் நேரத்தில் அவரைக் கூப்பிடுகிறோம் என்று பொருள். இந்தப் பகுதியில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஓய்வு. ஞாயிறு காலை வீட்டு வேலை, சந்தை, கறிக்கடை. மாலைக்குள் காது ஒரு நாள் ஓய்ந்திருக்கும். அதைவிட முக்கியமாக, ஊரே ஓய்ந்திருக்கும். வாரத்தின் மற்ற நாட்களில் சுவருக்கு அப்பால் எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் தறிகள் நின்றிருக்கும். சாமளாபுரம் போன்ற ஊரில் தம்புரா சுருதி காற்றில் நிற்கக்கூடிய நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். சென்னையில் அரங்கம் கிடைக்கும் தேதியைப் பார்ப்பார்கள். இங்கே தறி நிற்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

இடம் எது என்ற கேள்வி இன்னும் கடினமானது. கோயில் வீதிதான் இசையின் பழைய அரங்கம் என்று மேலே எழுதினேன். அந்த வீதி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்தை எல்லா இந்துக்களுக்கும் உரிமையாக்கிய சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் எந்தத் தெரு வழியாகச் சுவாமி வரும், யார் திண்ணையில் உட்காரலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்பவை பல ஊர்களில் சட்டத்தால் மாறிவிடவில்லை. நாகசுரமும் தவிலும் வாசித்தவர்களே சபா மேடையில் சம மரியாதைக்குப் போராட வேண்டியிருந்தது. பறை அடிப்பவரின் தாள அறிவுக்கு எந்த மேடையும் இருக்கவில்லை. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் பொருளில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே அங்கே பெண்கள் பாடுவதற்குப் போராடித்தான் இடம் பெற்றார். ஆகவே ஒரு தொழிலூரில் கச்சேரி வைப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த இடத்துக்கு வரத் தயங்குபவர் யாராவது உண்டா என்பதைத்தான். பள்ளி மைதானம், குளக்கரை, பேரூராட்சித் திடல் ஆகியவற்றுக்கு எல்லோரும் தயக்கமின்றி வருவார்கள். சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் மீனவர் குடியிருப்பில் தொடங்கிய விழா இக்கேள்வியை நகரத்துக்குள் எழுப்பியது. அதன்மேல் விமர்சனங்கள் உண்டு. கேள்வி சரியானது.

தறிக் குடோன் ஒன்றே அரங்கமாகலாம் என்றும் தோன்றுகிறது. இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரைப் பகுதியில் பெஞ்சமின் பிரிட்டன் 1948இல் ஆல்டபரோ என்ற சிற்றூரில் இசைவிழாவைத் தொடங்கினார். முதலில் ஊர்க் கூடத்திலும் தேவாலயங்களிலும் நடந்தது. 1967இல், பக்கத்து ஸ்நேப் கிராமத்தில் மூடப்பட்டுக் கிடந்த பார்லி மால்ட் தொழிற்கூடத்தைக் கச்சேரி மண்டபமாக மாற்றினார்கள். அடுத்த இரண்டாண்டில் தீப்பிடித்து எரிந்தபோது மீண்டும் கட்டினார்கள். தடித்த செங்கல் சுவரும் மரக்கூரையும் கொண்ட அந்த மண்டபத்தின் ஒலியழகை உலகம் முழுவதும் புகழ்கிறார்கள். வேலை செய்து செய்து கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர்களுக்கு அதே கூடத்தில் இசை கேட்பது தனி அனுபவமாக இருந்திருக்கும். நம்முடைய குடோன்களின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வெறுஞ்சுவரும் ஒலியைச் சிதறடித்து எதிரொலிக்கும். ஆனால் அங்கேயே மருந்தும் இருக்கிறது. நெய்த காடாத் துணியை மடிப்பு மடிப்பாகச் சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி வெகுவாக அடங்கும். துணிக்குப் பஞ்சமில்லாத ஊர் இது.

எதைப் பாட வேண்டும், வாசிக்க வேண்டும் என்பதில் என் கருத்து தெளிவானது: குறைத்துப் பாட வேண்டாம். ‘கிராமத்துக்கு ஏற்றபடி’ என்று சொல்லி ஆலாபனையைச் சுருக்கி, துக்கடாவை நிரப்பி, நடுவே சினிமாப் பாட்டைச் செருகுவது கேட்பவரை அவமதிப்பது. கொங்குத் திருவிழாக்களில் இப்போது கேரளத்துச் செண்டை மேளம் பெரிய இடம் பிடித்திருக்கிறது. அதைக் கேட்கக் கூட்டம் திரண்டு நிற்கிறது. அந்த மேளம் எளிமையானதா? பஞ்சாரி மேளத்தின் ஐந்து காலங்களில் முதல் காலத்தின் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். அது 48, 24, 12 என்று பாதி பாதியாகச் சுருங்கிக் கடைசியில் 6இல் வந்து நிற்கும். மிக மெதுவாகத் தொடங்கும் நீண்ட கட்டுமானம் அது. இங்கே வரும் குழுக்கள் பெரும்பாலும் கடைசிக் காலங்களையே வாசிக்கின்றன என்றாலும், பொறுமை வேண்டிய லயக் கட்டுமானத்தை இந்த மக்கள் நின்று ரசிக்கிறார்கள் என்பது கண்கூடு. அப்படியிருக்க, தவிலோடு நாகசுரத்துக்கு ஒரு மணி நேரம் முழுதாகக் கொடுத்தால் கேட்க மாட்டார்களா?

சொல்லுக்கு முக்கியம் தர வேண்டும். 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது அண்ணாமலை செட்டியார் முன்வைத்த வாதம், கேட்பவனுக்குப் பாட்டின் பொருள் விளங்க வேண்டும் என்பதுதான். மேலே சொன்ன காதின் கணக்கும் அதற்கு வலுச் சேர்க்கிறது: மெய்யெழுத்துகள் மங்கலாகக் கேட்கும் காது, தெரிந்த மொழியில் விடுபட்ட ஒலியைத் தானே நிரப்பிக்கொள்ளும், தெரியாத மொழியில் அப்படிச் செய்ய முடியாது. தெலுங்குக் கீர்த்தனையை விலக்கச் சொல்லவில்லை. பாடும் முன் பொருளை இரண்டு வாக்கியத்தில் சொன்னாலே போதும். ராகத்தின் பெயரைச் சொல்லி, அதே ராகத்தில் ஊருக்குப் பழக்கமான ஒரு பாட்டை நினைவூட்டினால் இன்னும் நெருங்கி வருவார்கள்.

இன்னொரு கேட்போர் கூட்டம் இப்போது இந்த ஊர்களில் இருக்கிறது. பனியன் கம்பெனிகளிலும் நூல் மில்களிலும் தறிகளிலும் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களுக்கும் ஓய்வு. அவர்களுக்குத் தமிழ்ச் சாகித்தியம் எட்டாது, ராகம் எட்டும். நம் மோகனம் அவர்களுக்குப் பூபாலி, இந்தோளம் அவர்களுக்கு மால்கௌன்ஸ், கல்யாணி அவர்களுக்கு யமன். ஆபேரியைத் தொட்டால் பீம்பளாசியை அவர்கள் கண்டுகொள்வார்கள். கீர்த்தன் பாடியும் கேட்டும் வளர்ந்த பலர் அவர்களில் இருப்பார்கள். குழலோ நாகசுரமோ வயலினோ, சொல் இல்லாத வாத்தியக் கச்சேரிக்கு இங்கே இரட்டை வேலை உண்டு. பல்லடத்துக் குழல் வித்வானின் பெயரில் விழா என்று நான் ஆசைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கலைஞர்கள் எங்கிருந்து வருவார்கள் என்றும் கேட்கலாம். சென்னையை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கோவையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றை அங்கே கற்றுத் தருகிறார்கள். படித்து வெளியே வரும் இளைஞர்களுக்கு முகூர்த்த நாட்களில் மட்டுமே வாசிப்பு கிடைக்கிறது. அங்கேயும் சாப்பாட்டுப் பந்திக்குப் பின்னணியாக. கேட்பதற்கென்றே வந்து உட்காரும் நூறு பேர் அவர்களுக்கு வேறெதையும்விட மேலான ஆசிரியர்களாக இருப்பார்கள். செலவுக்கும் வழி இருக்கிறது. திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ராவும் லைட் செட்டும் வைக்கும் கமிட்டிகள் செலவிடும் தொகையில் ஒரு பங்கு போதும்.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. 2010இல் செய்த திருத்தம் திறந்தவெளியில் இசைக்கருவிகளையும் அந்தத் தடைக்குள் கொண்டுவந்தது. ஆகவே விடிய விடிய வீதியில் நாகசுரம் என்ற பழைய வழக்கத்துக்கு இன்று சட்டப்படி இடம் குறைவு. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி வரம்பு 45 டெசிபல், தொழிற்பகுதியில் 70. வீடும் தறியும் ஒரே சுவரைப் பகிரும் ஊரில் இந்த இரண்டில் எது பொருந்தும் என்பதே தீராத சிக்கல். தூங்குபவருக்கும் அதனால் துன்பம், இசைக்கும் துன்பம். ஆனால் அதே விதிகளில் ஒரு வாசல் இருக்கிறது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்கள் வரை நள்ளிரவு 12 மணி வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசு அனுமதி தரலாம். ஊர்த் திருவிழாக் கமிட்டிகள் பேரூராட்சியோடும் காவல் நிலையத்தோடும் பேசி, அப்படிக் கிடைக்கும் நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செவ்விசைக்கு ஒதுக்கலாம். மாலை ஏழு மணிக்கு இசைப்பள்ளிப் பிள்ளைகள் தொடங்கட்டும். ஒன்பது மணிக்குச் சாப்பாடு. பத்து மணிக்கு மேல், ஒலிபெருக்கியை நன்றாகத் தாழ்த்தி, நாகசுரத்தில் ஒரு ராகத்தைக் கடிகாரம் பார்க்காமல் விரிக்கட்டும். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் நடுவில் எழுந்து போவார்கள். அதை யாரும் தவறாக நினைக்கக் கூடாது.